முன்விடுதலைக் குழுவில் எம்.எல்.ஏ. எதற்கு?

ஆசிரியருக்கு,

ஆயுள் கைதிகளைத் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவிக்கும் முன்விடுதலை குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். விடுவிப்பதில் அமைச்சரவைக்கு உள்ள அதிகாரத்தைப் பற்றியே பேசுகிறோம். அதற்கு முந்தைய படியான பரிந்துரைக் குழுவில்தான் கோளாறு. 2002 குஜராத் கலவரத்தின் போது நடந்த பில்கிஸ் பானு கூட்டு வன்புணர்வு, கொலை வழக்கில் தண்டனை பெற்ற 11 பேரை விடுவிக்கப் பரிந்துரைத்த குஜராத்தின் கோத்ரா சிறை ஆலோசனைக் குழுவில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் இருவர் இருந்தனர். விடுவிக்கக் கூடாது என்ற தண்டனை விதித்த மும்பை நீதிமன்றத்தின் கருத்து பதிவில் இருந்தும் 2022 ஆகஸ்ட் 15இல் சிறைக்கதவு திறந்தது. முடிவெடுக்க வேண்டியது குஜராத் அரசு அல்ல, விசாரணை நடந்த மகாராஷ்டிரத்தின் அரசே என்று கூறி, 2024 ஜனவரி 8இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது.

செல்வாக்கு இல்லாத கைதியின் நிலை நேர்மாறு. பதினான்கு ஆண்டு முடித்தவரின் கோப்பில் சிறைக் கண்காணிப்பாளர் அறிக்கை, நன்னடத்தை அலுவலரின் வீட்டு விசாரணை, நீதிபதியின் கருத்து எல்லாம் சாதகமாக இருந்தாலும், ‘வெளியே வந்தால் சட்டம் ஒழுங்கு கெடும்’ என்ற காவல்துறையின் ஒற்றை வரி போதும், நிராகரித்துவிடுவார்கள். காரணமற்ற அந்த ஆணை உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி, கோப்பு மீண்டும் முதலிலிருந்து நகரும். அதற்குள் வீணாகும் ஆண்டுகள் அந்தக் கைதியுடையவை. எனவே பரிந்துரைக் குழுக்களிலிருந்து அரசியல்வாதிகளை நீக்க வேண்டும். குற்றத்தின் சமூகத் தாக்கம், மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு, குடும்பச் சூழல் உள்ளிட்ட முன்விடுதலைக்காக லட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஐந்து அளவுகோல்களுக்கும் தனித்தனியே காரணம் எழுதி, அதன் நகலைக் கைதிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அரசு வழங்க வேண்டும்.