கேட்காமல் 'கைவிடப்பட்டது' என்று எழுதாதீர்கள்

சேலத்தில் கட்டற்ற மென்பொருளுக்காக உழைக்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள, தமிழுக்கான கட்டற்ற மென்பொருள்களை எல்லாம் ஒரே பட்டியலில் கொண்டுவரும் உங்கள் வேலையை முதல் நாளிலிருந்து பார்த்து வருகிறேன். எப்போதோ நடந்திருக்க வேண்டிய காரியம், நீங்கள் கையில் எடுத்தீர்கள். ஆனால் போன வாரம் சுற்றுக்கு விட்ட வரைவில் ஒரு விதி மனதை உறுத்துகிறது. பன்னிரண்டு மாதம் நிரலில் எந்த மாற்றமும் இல்லையென்றால், அதற்கு நேரே சிவப்பில் 'கைவிடப்பட்டது' என்று போடப்போவதாகச் சொல்கிறீர்கள். அந்தச் சிவப்பு வரிசையில் என்னுடையதும் ஒன்று.

செவ்வாய்ப்பேட்டையில் அச்சகம் நடத்துகிறேன். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை, இன்று எல்லாக் கணினிகளும் படிக்கும் பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றும் சிறிய நிரல் ஒன்றை எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறேன். 2019க்குப் பிறகு அதில் ஒரு வரிகூட மாற்றவில்லை. மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? பழைய முறையில் 'கொ' என்பது மூன்று துண்டு. முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமித்திருப்பார்கள். யூனிகோடில் க முன்னால் வரும், உயிர்க்குறி அதன் பின்னால். என் நிரல் கொம்பைத் தூக்கிப் பின்னால் வைத்து, காலோடு சேர்த்து ஒரே குறியாக்குகிறது. இதுகூடப் பரவாயில்லை. 'கௌதமன்' என்பதில் வரும் ஔகாரக் குறிக்கும் 'தெளிவு' என்பதில் வரும் ளகரத்துக்கும் பல எழுத்துருக்கள் ஒரே விசையைத்தான் வைத்திருந்தன. எது குறி, எது எழுத்து என்று பிரிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்தப் பழைய எழுத்துருக்கள் இனி மாறப்போவதில்லை. அதனால் என் நிரலும் மாற வேண்டியதில்லை.

போன மாதம் ஒருவர், 2003இல் அவருடைய அப்பா அடித்து வைத்திருந்த குலதெய்வக் கோயில் வரலாற்றைக் கொண்டுவந்தார். தொண்ணூறு பக்கம். வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் மாற்றிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் அப்பாவின் பெயரைத் திரையில் சரியாகப் பார்த்ததும் அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

உங்கள் வரைவைப் பார்த்துவிட்டு ஒரு நூலகர் போன் செய்தார். "அண்ணே, இனிமே இதைத் தொடக்கூடாதா?" என்றார். மாற்ற வேண்டிய கோப்புகள் அவரிடம் இன்னும் நிறையக் கிடக்கின்றன. ஒரு சொல் அவர் வேலையை நிறுத்திவிட்டது.

அந்தச் சொல்லையும் கொஞ்சம் யோசியுங்கள். கைவிடப்பட்ட குழந்தை, கைவிடப்பட்ட முதியோர் என்று செய்தித்தாளில் படிக்கிறோம். தமிழில் அந்தச் சொல் வந்தாலே, விட்டுவிட்டுப் போன ஆள் மேல் ஒரு குற்றச்சாட்டும் கூடவே வருகிறது. வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தவர் மேல் அதைச் சுமத்தலாமா?

இதில் வெளியில் நடப்பதையும் பாருங்கள். பைதான் என்ற நிரல்மொழியில் எழுதிய மென்பொருள் பொதிகளின் இணையக் கிடங்கான பைபிஐயில் திட்டத்தின் நிலையைச் சொல்ல ஏழு படிகள் உண்டு. ஆறாவது 'முதிர்ந்தது', ஏழாவது 'செயலற்றது'. கடைசி மாற்றத் தேதியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எது என்று எழுதியவரே குறிக்கிறார். நிரல்களைப் பொதுவில் வைக்கும் தளமான கிட்ஹப்பிலும் ஒரு திட்டத்தைப் பூட்டி, படிக்க மட்டும் என்று வைப்பவர் அதன் உரிமையாளர்தான். கணினி அறிஞர் டொனால்ட் குனூத், தான் எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் 2014இல் திருத்தம் வெளியிட்ட பிறகு அடுத்த திருத்தம் 2021இல்தான் வந்தது. நடுவில் உலகமெங்கும் அதில் புத்தகம் அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவற்றை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை, ஓய்ந்துபோன திட்டங்களுக்காக 2008இல் ஓர் இடம் ஒதுக்கி அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'பரண்'. பரணில் வைத்ததை யாரும் தூக்கி எறிந்ததாக நினைப்பதில்லை.

நம் ஊர் நிலக் கணக்கிலேயே இதற்கு வழி இருக்கிறது. இந்த வருடம் பயிர் வைக்காத நிலம் 'நடப்புத் தரிசு'. அதற்கும் மேல் ஐந்து வருடம் வரை சும்மா கிடந்தால் வேறு தரிசுக் கணக்கு. ஒரு வருடம் விதைக்கவில்லை என்பதற்காக யாரும் அதைக் கைவிட்ட நிலம் என்று எழுதுவதில்லை. மழை பொய்த்திருக்கும், வீட்டில் ஒருவர் படுத்திருப்பார்.

எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. விசைப்பலகைச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. ஆண்ட்ராய்டு வருடத்துக்கு ஒரு முறை மாறுகிறது. அப்படிப்பட்டது மூன்று வருடம் தொடாமல் கிடந்தால் 'பயன்படுத்த வேண்டாம்' என்றே எழுதுங்கள், காரணத்தையும் சேர்த்து. எனக்கு வருத்தமில்லை. ஆக, கேட்க வேண்டியது இரண்டு. இது இன்றைக்கும் வேலை செய்கிறதா? கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா? இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். யார் பார்த்தது, எந்தத் தேதியில் பார்த்தது என்பதையும் கீழே போடுங்கள். நீங்கள் ஒட்டும் சீட்டும் பழசாகும்.

எழுதியவரால் இனி பார்க்க முடியாத நிரலுக்கு 'பொறுப்பேற்க ஆள் தேவை' என்று குறிப்புப் போடுவதானால், அதில் மட்டும் நிதானம் வேண்டும். 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்தில் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) நடந்தது உங்களுக்குத் தெரியும். எழுதியவர் வெகு காலமாக அதைத் தொடவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார், இவரும் நம்பிக் கொடுத்தார். வந்தவர் பிட்காயின் திருடும் நிரலை உள்ளே சொருகிவிட்டார். அதனால் ஆள் தேவை என்று அறிவிக்கும்போது, முதலில் வந்து கேட்பவரிடம் சாவியைக் கொடுத்துவிடாமல் குழுவில் இரண்டு பேராவது கொஞ்ச நாள் கூட இருந்து அவருடைய மாற்றங்களைப் படித்துப் பாருங்கள். நானும் அதற்கு வருகிறேன்.

என் நிரலுக்கு நானே எழுதித் தருகிறேன்: 'நிறைவடைந்தது. வேலை செய்கிறது. கேட்டால் பதில் உண்டு.' அம்மாப்பேட்டையில் இருக்கும் இன்னொருவரிடம் நேற்றுப் பேசினேன். அவருடையதை இனி அவரால் பார்க்க முடியாது, பரணில் வைக்கலாம் என்று சம்மதம் சொன்னார்.

மூன்றாவது, ஏற்காட்டில் இருப்பவர் எழுதிய விசைப்பலகை. மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை. அவர் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது கஷ்டம். வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் மேலே போகிறேன். செயலியைப் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கையை இன்றைக்கே போட்டுவிடுங்கள். ஆனால் நான் அவரைப் பார்த்துவிட்டு வரும்வரை அவர் பெயருக்கு நேரே வேறு எதையும் எழுதாதீர்கள்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டை அச்சகக்காரர்