நத்தம் எங்கே என்று முதலில் கேள்

பாளையங்கோட்டை,
மாசி மாதம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. சிறுசேரியில் வேலை உறுதியாகிவிட்டது, ஏப்ரல் முடிவதற்குள் கோயம்புத்தூர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நீ சொன்ன நாளிலிருந்து இங்கே எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. நாவலூர் அடுக்ககத்தின் நீச்சல் குளமும், பெரும்பாக்கம் வீட்டின் அகலமான சமையலறையும், சேலையூர் வீட்டு வாசலில் நிற்கும் வேப்ப மரமும் அம்மாவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. போனில் பேசத் தொடங்கினால் பாதியில் பாப்பா வந்து பறித்துக்கொள்கிறாள் என்பதால், சொல்ல வேண்டியதை நிதானமாக எழுதி அனுப்புகிறேன்.

மூன்று வீடுகளையும் உன் அலுவலகத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற ஒரே கணக்கை வைத்து நீ வரிசைப்படுத்தியிருக்கிறாய். வேலைக்குப் போகிறவளுக்கு அந்தக் கணக்கு இயல்புதான். ஆனால் நீ சிறுசேரிக்கும் மாப்பிள்ளை கிண்டிக்கும் காலையிலேயே கிளம்பிவிட்டால், அதன் பிறகு அந்த ஊரிலேயே பொழுதைக் கழிக்கப் போகிறவர்கள், ஜூனில் முதல் வகுப்புக்குப் போகும் பாப்பாவும் முழங்கால் வலியோடு மெல்ல நடக்கும் உன் அத்தையும்தான். அவர்கள் இருவரின் பகலை மனத்தில் வைத்து ஒருமுறை வரிசையை மாற்றிப் பார், அம்மா.

அதற்கும் முன்னால் மண்ணைப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. வாசல் வழியாகத்தான் தண்ணீர் வரும் என்று நானும் அம்மாவும் சாக்குகளில் மண் நிரப்பி அடுக்கிக்கொண்டிருந்தபோது, அது குளியலறைத் துளையின் வழியே உள்ளிருந்து பொங்கி வந்தது. நள்ளிரவு தாண்டிக் கட்டில் மிதந்தது. இரண்டு இரவுகள் மாடி வீட்டுக்காரர்களோடு மொட்டை மாடியில் கழித்தோம். வடிந்த பிறகு பார்த்தால், சுவிட்சுப் பலகைக்கு ஒரு சாண் மேலே சுவரெங்கும் சேற்றுக் கோடு. உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அம்மா வேட்டித் துணியில் ஒற்றி ஒற்றி வெயிலில் காய வைத்தாள்; அதில் இன்றும் இருக்கும் பழுப்புக் கறை அந்த வெள்ளத்தின் கறைதான்.

அந்த வீட்டுக்குக் குடிபோனபோது, ‘இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்காது’ என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாறாகச் சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத்தான் போகிறது என்பது நில அளவராக இருந்த எனக்குத் தெரியாதது அல்ல. ஆடி மாத வெயிலில் காய்ந்து கிடந்த தெருவைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நீயும் இப்போது மாசி வெயிலில்தான் வீடு பார்க்கிறாய் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் ஊர் அமைத்தவர்கள் குடியிருக்க மேட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதைத்தான் வருவாய்க் கணக்கில் கிராம நத்தம் என்று எழுதுகிறோம். நடுவில் கோயில், அதைச் சுற்றி நான்கைந்து தெரு, ஒரு பக்கம் ஏரி, ஏரிக்குக் கீழே நன்செய் என்பதுதான் செங்கல்பட்டுச் சீமையில் நான் அளந்த ஊர்களின் பொது அமைப்பு. பிற்காலத்தில் வந்த மனைப்பிரிவுகளில் பல, ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த அந்த நன்செய்யில் போடப்பட்டவை. நெல்லுக்காகத் தண்ணீர் வந்து நின்ற இடத்தில், மழைக் காலத்தில் மறுபடியும் தண்ணீர் வந்து நிற்பதில் வியப்பில்லை. ஆகவே எந்தப் பகுதிக்குப் போனாலும் பழைய ஊர் எங்கே, கோயில் எங்கே, ஏரிக் கரை எந்தப் பக்கம் என்று முதலில் கேள். தரகரிடம் கேட்பதைவிட, இருபது ஆண்டுகளாக அதே தெருவில் துணி தேய்ப்பவரிடமோ மளிகைக் கடைக்காரரிடமோ கேட்பது நல்லது. புல எண் (சர்வே எண்) கிடைத்தால் அரசின் இணையச் சேவையில் நில விவரம் எழுதியிருக்கும் அ-பதிவேட்டைப் பார்த்து, அந்த நிலம் நன்செய்யா புன்செய்யா என்று நானே சொல்லிவிடுவேன்.

வீட்டு வாசலில் நின்றும் சிலவற்றைக் கண்டுகொள்ளலாம். தெருவிலிருந்து வீட்டுக்குள் படி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதால், சென்னைப் புறநகரில் எத்தனையோ வீடுகள் தெருவைவிடப் பள்ளத்துக்குப் போய்விட்டன. பக்கத்து வீடுகளில் மின் மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் உயர்த்தி மாட்டியிருந்தால், அந்தத் தெரு ஏற்கெனவே ஒரு பாடம் படித்திருக்கிறது என்று தெரிந்துகொள்.

பெரும்பாக்கம் வீட்டின் மீது உனக்கு ஆசை என்று தெரியும். வாடகைக்கு அவ்வளவு பெரிய வீடு வேறெங்கும் கிடைக்காது என்பதும் உண்மைதான். ஆனால் வேளச்சேரி, மடிப்பாக்கம், நாராயணபுரம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் என்று அந்தப் பகுதியின் ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்தால் போய்ச் சேருவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்தான். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற ஒரு குறுகிய வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடலை அடைய வேண்டும். அத்தனை பெரிய நீர்ப்பரப்புக்கு அந்த ஒரு வழிதான். 2022இல் அதை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தது நல்ல செய்தி என்றாலும், அந்தச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி அதற்கு வெகு முன்பே கட்டடமாகவும் சாலையாகவும் குப்பை மேடாகவும் மாறிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் பெரும்பாக்கம் நீரில் நின்றது. தரைத்தளத்தில் அத்தையை வைத்துக்கொண்டு அந்த நாட்களை நீ கடக்க வேண்டாம். அந்த வீட்டை விட்டுவிடு.

நாவலூர் அப்படியல்ல. அங்கிருந்து உன் அலுவலகம் மிக அருகில். அடுக்ககத்துக்குள்ளேயே பாப்பாவுக்கு விளையாட்டுத் துணை கிடைக்கும். அங்கே விசாரிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. அந்தப் பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்ககங்களில் பல லாரித் தண்ணீரை நம்பி நடக்கின்றன; 2019 கோடையில் அவை பட்ட பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மாதம் எத்தனை லாரி வருகிறது, அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடக்கமா என்று சங்கத்தாரிடமே கேள். குழாயின் வாயில் வெள்ளைப் படிவம் கெட்டித்திருந்தால், ஆழ்துளைக் கிணற்று நீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோ முழுமையாக ஓடத் தொடங்கும் வரை மாப்பிள்ளைக்கு அங்கிருந்து கிண்டிக்கு ரயில் கிடையாது. நெரிசலில் தினமும் இரண்டு வேளை பேருந்துப் பயணம்தான்.

என் மனம் கிழக்குத் தாம்பரத்துப் பக்கம் சாய்கிறது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் அடுக்ககங்கள் வரும் முன்பே ஊராக இருந்தவை. மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துச் சிவன் கோயில் இருக்கிறது. அத்தை பிரதோஷத்துக்குப் போய்வரலாம். மாப்பிள்ளை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நேரே கிண்டியில் இறங்கிவிடுவார். நள்ளிரவில் ஒரு காய்ச்சல் என்றால் குரோம்பேட்டை வரை வரிசையாக மருத்துவமனைகள் உண்டு. ஆனால் சேலையூர் என்றால் எல்லாத் தெருவும் மேடு என்று எண்ணிவிடாதே. அங்கும் ஏரி இருக்கிறது, அது நிரம்பினால் கலங்கல் வழியே உபரிநீர் போகும் பாதையில் வீடுகளும் இருக்கின்றன.

இதில் பாரம் உன் மேல்தான் விழுகிறது என்பதை நான் மறைக்கவில்லை. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரிக்குப் போக உனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் கம்பெனிப் பேருந்து சேலையூர் கேம்ப் ரோடு வழியாக வருகிறதா என்று விசாரி; வந்தால் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளலாம். வராது என்றால், வாரத்தில் எத்தனை நாள் நேரில் போக வேண்டும் என்பதைப் பார்த்து நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யுங்கள். உன் உடம்பும் எனக்கு முக்கியம்.

பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி விடும் நேரத்தில் போய் வாசலில் அரை மணி நேரம் நின்று பார். பிள்ளைகளை எப்படி வேனில் ஏற்றுகிறார்கள், ஆயாம்மா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா என்பது அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எதையும் இப்போது விலைக்கு வாங்காதே. ஒரு ஐப்பசி, ஒரு கார்த்திகை அந்த ஊரில் இருந்து பார்த்த பிறகு யோசிக்கலாம். முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்டால் உடனே தலையாட்டாதே. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்துகொள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கிவிடுவேன். நீங்கள் இருவரும் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டால், சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் தெருத் தெருவாக நடந்தே பார்த்துவிடலாம். அதற்குள் சேலையூர் வீட்டின் புல எண்ணை வாங்கி எனக்கு அனுப்பு. அம்மா பாப்பாவுக்குப் பனங்கற்கண்டு கொடுத்து அனுப்புகிறாள்.

அன்புடன்,
அப்பா