ஆண்டறிக்கை 2024–2025: நியூரம்பெர்க் கண்காட்சியும் நம் கடைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டுத் திருச்சி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் செல்லப்பிராணி, வண்ணமீன் கடை உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். செயற்குழு முறையாகக் கூடியது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாமுக்கு வந்து உதவிய கால்நடை மருத்துவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. இந்த ஆண்டின் மற்ற நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு விஷயத்துக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

2024 மே 7 முதல் 10 வரை ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் நடந்த 'இன்டர்ஸூ' கண்காட்சிக்குத் தலைவர் அவர்களும் நானும் சொந்தச் செலவில் சென்றுவந்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இது, நம் தொழிலுக்கென்று உலகில் நடப்பவற்றில் மிகப் பெரியது. 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அரங்கு அமைத்திருந்தன. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. தொழில் செய்கிறோம் என்பதற்குச் சான்று காட்டினால்தான் நுழைவுச்சீட்டு. அதனால் அங்கே நடக்கும் பேச்செல்லாம் விலை, சரக்கு, ஒப்பந்தம் என்று நேரடியாகவே இருந்தது.

நாங்கள் கண்டதில் முதன்மையானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தனை அரங்குகளிலும் பணம் புரள்வது பிராணியைப் பேணும் பொருள்களில்: உணவு, மருந்துச்சத்து, படுக்கை, பூனைக் கழிவுக்கான மணல், விளக்கு, வடிகட்டி, பயிற்சி. நம்மில் பலருக்கு மாத வருமானத்தின் முதுகெலும்பே நாய்க்குட்டி விற்பனைதான். அந்த முதுகெலும்பு நெடுநாள் தாங்காது என்பது என் உறுதியான கருத்து. பிரான்ஸ் 2021-இல் சட்டம் இயற்றி, 2024 ஜனவரி 1 முதல் கடைகளில் நாய், பூனை விற்பதையே நிறுத்திவிட்டது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை, வளர்ப்பவரிடமிருந்தோ காப்பகத்திலிருந்தோ மட்டுமே வாங்க முடியும்; இடையில் கடைக்கு இடமில்லை. நம் நாட்டிலும் 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள், மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு கட்டாயம் என்கின்றன. ஐயாயிரம் ரூபாய் கட்டணம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. இன்னும் பதிவு செய்யாத உறுப்பினர்கள் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பித் தருகிறோம்.

உணவு அரங்குகளில் நாங்கள் அதிக நேரம் நின்றோம். பூனை உணவின் பெருக்கம் வியப்பளித்தது. ஜெர்மனியில் நாய்கள் ஒரு கோடிக்குச் சற்று அதிகம், பூனைகளோ ஒன்றரைக் கோடிக்கும் மேல். அடுக்குமாடி வீடும் வேலைக்குப் போகும் இருவரும் என்று குடும்பம் மாறும்போது பூனை வீட்டுக்குள் வருகிறது. தில்லைநகரிலும் கே.கே. நகரிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்தது பூச்சிப் புரதம். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவை உலர்த்தி அரைத்துச் செய்த நாய் உணவும் மீன் உணவும் வரிசையாக இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இலேயே இதை வளர்ப்பு மீன்களின் தீவனத்தில் சேர்க்க அனுமதித்துவிட்டது. சாக்கடையோரம் அள்ளி வரும் டியூபிஃபெக்ஸ் புழுவைப் போட்டு மீன்களுக்கு நோய் வாங்கிக் கொடுக்கும் நம் பண்ணையாளர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஓர் அரங்கில் ஒரு கிலோ உணவுப் பையைக் கையில் கொடுத்தார்கள். தயாரித்த நாள், காலாவதி நாள், தொகுதி எண், ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்ற அட்டவணை, திறந்த பின் மூடிவைக்க மேலே ஒரு பட்டி. தலைவர் அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம் ஊரில் இருபது கிலோ மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கிறோமே, இதில் ஒன்றுகூட வாங்குபவர் கைக்குப் போவதில்லையே" என்றார். உண்மைதான். மூட்டையைப் பிரித்ததும் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. சித்திரை வெயிலில் திறந்த மூட்டையிலுள்ள கொழுப்பு சில வாரங்களிலேயே சிக்கு வாடை அடிக்கிறது; நாய் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். சில்லறை விற்பனையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கால் கிலோ வாங்க மட்டுமே வசதியுள்ள வீட்டிலும் நாய் இருக்கிறது. ஆனால் மூட்டை திறந்த நாளைச் மார்க்கர் பேனாவால் மூட்டைமேல் எழுதுங்கள், மூடியுள்ள டிரம்மில் மூட்டையோடு வையுங்கள், நிறுத்துத் தரும் பையில் காலாவதி நாளைச் சீட்டாக ஒட்டுங்கள். செயற்குழு இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறது. சீட்டுகளைச் சங்கமே அச்சடித்துத் தரும்.

இனி மீன் பகுதி. இது என் சொந்தத் தொழில் என்பதால் கொஞ்சம் ஆசையோடு சொல்கிறேன். ஜப்பானின் தகாஷி அமானோ தொடங்கிவைத்த இயற்கைத் தொட்டி முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. கல், வேர்க்கட்டை, செடி, சில சிறு மீன்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட தொட்டி வாங்கியவர் உரத்துக்கும் விளக்குக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கும் மாதந்தோறும் கடைக்கு வருவார். மாறாக, உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் வாங்கிச் சென்ற குழந்தை, மீன் செத்ததும் அழும். பெற்றோர் திரும்ப நம் கடைப்பக்கம் வரமாட்டார்கள். ரோம் நகரம் 2005-இலேயே உருண்டைக் கிண்ணத்துக்குத் தடை விதித்துவிட்டது. தங்கமீன் வளரும், கழிவு அதிகம் போடும். கிண்ணத்தின் குறுகிய நீர்ப்பரப்பில் அதற்குப் போதிய காற்று கிடைக்காது. நம் உறுப்பினர்களும் இந்த விற்பனையைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செடிகளில் ஒரு புதுமை. சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஜெல்லின் மேல் திசு வளர்ப்பு முறையில் வளர்த்த நாற்றுகள். நத்தை இல்லை, பாசி இல்லை, பூச்சிமருந்து இல்லை. ஜெல்லைக் கழுவிவிட்டு நட்டுவிடலாம். அந்தக் கிண்ணங்களில் பல கிரிப்டோகோரைன் வகை. அதன் வெண்டி இனத்துக்கு இலங்கைதான் தாயகம். நம் பக்கத்து மண்ணின் செடி ஐரோப்பிய ஆய்வகத்தில் வளர்ந்து உலகச் சந்தைக்குப் போகிறது. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கும் ஊர் நம்முடையது; திசு வளர்ப்பு வாழைக்கன்று நம் விவசாயிகளுக்குப் பழகிய சரக்கு. இந்த நுட்பம் தெரிந்தவர்களிடம் நீர்ச்செடி பற்றிப் பேச ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறோம். ஊர்வனத் தொட்டிகளுக்கு அடியில் போடும் தென்னைநார்க் கழிவுக் கட்டிகளையும் பல அரங்குகளில் பார்த்தோம். பொள்ளாச்சியில் செய்வதும் இதே சரக்குதான் என்பதால் அது பற்றியும் அக்குழு விசாரிக்கும்.

நாடு திரும்பியதும் எங்களை எதிர்கொண்டது பதிவு வேலை. உயிருள்ள விலங்கினங்கள் குறித்த 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, சைட்டீஸ் என்ற, அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் ஆகஸ்ட் 28-க்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சன் கொனூர் கிளி, ஆசிய அரோவானா மீன் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். பட்ஜி, காக்டீல் பறவைகளுக்குப் பொருந்தாது. இந்த வேறுபாடு தெரியாமல் பல பறவை வளர்ப்போர் பயந்துபோயிருந்தார்கள். சங்க அலுவலகத்தில் இரவு வரை கணினி முன் அமர்ந்து உதவிய இளம் உறுப்பினர்களை மனமாரப் பாராட்டுகிறேன். நம் நாட்டுப் பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் எந்தக் கடையிலும் வைக்கக் கூடாது. இதில் சங்கம் யாருக்காகவும் பரிந்து பேசாது.

காவிரி பற்றி ஒன்று. 'டேங்க் கிளீனர்' என்று நாம் விற்கும் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. விரலளவில் வாங்கியது ஒரு அடிக்கு மேல் வளர்ந்ததும், பாவம் பார்த்து ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடுகிறார்கள். முள்ளும் தடித்த ஓடும் கொண்ட அதைத் தின்னும் உயிரினங்கள் இங்கே மிகக் குறைவு. கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகுகிறது, மீனவர் வலையைக் கிழிக்கிறது. சென்னை ஏரிகளில் இது நடந்துவிட்டது. ஆகவே வளர்க்க முடியாத மீனை எந்த உறுப்பினர் கடையிலும் திருப்பிக் கொடுக்கலாம் என்ற அறிவிப்பை வரும் மாதம் முதல் எல்லாக் கடைகளிலும் ஒட்டுகிறோம். யார் விற்றது என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இடமில்லாதவர்கள் செயற்குழுவுக்குச் சொன்னால் பெரிய தொட்டி உள்ளவரிடம் சேர்த்துவிடுவோம்.

நாய், பூனை உணவுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்பதைக் குறைக்கக் கோரும் மனு தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கையெழுத்திடுங்கள்.

அடுத்த 'இன்டர்ஸூ' 2026 மே 12 முதல் 15 வரை, அதே நியூரம்பெர்க்கில். போக விரும்பும் உறுப்பினர்கள், குறிப்பாக மீன் பண்ணை நடத்தும் பெண் உறுப்பினர்கள், டிசம்பருக்குள் பெயர் கொடுத்தால் விசா வேலையைச் சேர்ந்தே தொடங்கலாம். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்