வெப்பமானிக்கு எட்டாத மழைக் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பினாடுபோ எரிமலை ஒரே வெடிப்பில் கந்தகத் துகள்களை வானில் பரப்பி வெயிலைக் குறைத்ததை விமானங்கள் ஆண்டுதோறும் செய்துவிட்டால் பூமி குளிர்ந்துவிடுமே என்று எழுதியிருந்தாய். குளிரும்தான். ஆனால் அந்த எரிமலையின் கதையில் பாதியைத்தான் நீ படித்திருக்கிறாய்.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் அது வெடித்தபோது ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் வரை கந்தக டை ஆக்சைடு மேல்வளிமண்டலத்துக்குப் போனது. மறு ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி செல்சியஸ் இறங்கியது. இது நீ படித்த பாதி. 1991 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்கு நிலத்தில் மழை குறைந்தது. ஆறுகள் கடலில் சேர்த்த நீரும் வெகுவாகச் சரிந்தது. அப்போது பசிபிக் கடல் சூடாகி மழையைக் குலைக்கும் எல் நினோவும் இருந்ததே என்பாய். அதன் பங்கைக் கழித்த பிறகும் எரிமலையின் கை தெரிகிறது என்று கெவின் ட்ரென்பெர்த், ஐகுவோ டாய் என்ற காலநிலை ஆய்வாளர்கள் 2007இல் எழுதினார்கள்.

காரணம் எளிது. நீரை ஆவியாக்குவது பெரும்பாலும் வெயில். கரியமில வாயுவோ காற்று தன் வெப்பத்தை வெளியேற்றுவதைத் தடுக்கிறது. வெயிலைக் குறைத்துக் கரியமில வாயுவின் வெப்பத்தை ஈடுகட்டினால் வெப்பநிலை பழைய நிலைக்கு வரலாம். மழை பழைய அளவுக்கும் கீழே போய்விடும்.

அதற்காக மழை குறைந்தால் வறட்சிதான் என்று ஒரே தாவாகத் தாவவும் கூடாது. ஆவியாதலும் கூடவே குறைவதால் மண்ணின் ஈரம் அதே அளவுக்கு வற்றுவதில்லை. வெப்ப அலைகள் தணியும் என்பதையும் மறுக்க மாட்டேன். என்னை உறுத்துவது மழையின் அளவைவிட, அது எங்கே பெய்யும் என்பதுதான்.

வெப்பமண்டல மழைப்பட்டை குளிர்ந்த பக்கத்தை விட்டு விலகி நகரும். வட அரைக்கோளத்தில் மட்டும் துகள்களைத் தூவினால் ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் வறண்டுவிடும் என்று 2013இல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு காட்டியது. தெற்கில் தூவினால் சாஹேலில் மழை கூடும். 2017இல் வந்த மற்றோர் ஆய்வின்படி, வடக்கில் தூவினால் அட்லாண்டிக் சூறாவளிகள் குறையும், தெற்கில் தூவினால் கூடும். ஒரு கரையின் நிம்மதிக்கு இன்னொரு கரையின் கிணறு விலை! 1783இல் வடக்கே ஐஸ்லாந்தின் லாகி எரிமலை கக்கியபோதும் நைல் பெருகவில்லை. எகிப்தில் பஞ்சம் வந்தது.

இரு பக்கமும் சமமாகத் தூவலாமே என்று கேட்பாய். மழைப்பட்டையின் நகர்வு அப்போது பெரிதும் அடங்கும், உண்மைதான். ஆனால் துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் இறங்கிவிடும். தூவுவதை நிறுத்தவே முடியாது. நிறுத்தினால் அதுவரை மறைத்து வைத்த வெப்பம் சில ஆண்டுகளுக்குள் மொத்தமாகத் திரும்பும். இதற்கிடையே ஓர் ஆண்டு பருவமழை பொய்க்கிறது என்று வைத்துக்கொள். அது வழக்கமான பொய்ப்பா, தூவியதன் விளைவா? ஒரே ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு நாடுகளில் கீழ்க்கரை நாட்டுக்காரன் வந்து கேட்டால் யாரைக் கைகாட்டுவாய்? அடுத்த கடிதத்தில் வெப்பநிலையை விட்டுவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுது.

அன்புடன்,
அண்ணன்