பிழையிலும் மாறாத குரல்

அன்புள்ள மணி,

கண்புரை அறுவைக்குப் பிறகு உன் கையெழுத்து மறுபடியும் நேராகிவிட்டது. கடிதத்தைப் பிரித்ததும் முதல் மகிழ்ச்சி அதுதான்.

'இயந்திரம் இவ்வளவு நன்றாகப் பேசுகிறதே, சினிமாவில் பார்த்து நாம் பயந்ததெல்லாம் நடந்துவிடுமா?' என்று கேட்டிருந்தாய். அதற்காகவே '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி'யை மறுபடி பார்த்தேன். 1968இல் வந்த படம். படிக்கும் காலத்தில் பார்த்துவிட்டு, விண்கலத்தின் கதவைத் திறக்க மறுக்கும் ஹால் 9000 என்ற கணினியைப் பற்றி விடிய விடியப் பேசினோமே! இம்முறை என்னைக் கலக்கியது வேறொரு காட்சி. ஆன்டெனாவின் பாகம் ஒன்று 72 மணி நேரத்துக்குள் பழுதாகும் என்கிறது ஹால். கழற்றிச் சோதித்தால் அதில் குறையே இல்லை. அப்போதும் அதன் குரல் இம்மியும் மாறவில்லை. பிழை மனிதருடையதாகத்தான் இருக்கும் என்கிறது.

என் பிழைப்பு இப்போது அந்தக் குரலோடுதான், மணி. மொழிபெயர்க்கச் சொல்லி வேலை வருவது குறைந்துவிட்டது. இயந்திரம் பெயர்த்ததைத் திருத்தித் தரச் சொல்கிறார்கள், பழைய கூலியில் பாதிக்கு. கூலியைவிட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கான கையேடு ஒன்று போன மாதம் வந்தது. காயத்திலிருந்து நீரோ சீழோ வடிந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது மூலத்தில் உள்ள செய்தி. ஆங்கிலத்தில் அந்த வடிதலுக்கும், நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கும் 'டிஸ்சார்ஜ்' என்று ஒரே சொல். இயந்திரம் எழுதியிருந்தது: 'வீடு திரும்பியதும் உடனே தெரிவிக்கவும்.' ஒற்றுப்பிழைகூட இல்லை. முதல் வாசிப்பில் நானே கடந்து போய்விட்டேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. எழுந்து விளக்கைப் போட்டுத் திருத்தினேன்.

முன்பெல்லாம் இயந்திரத் தமிழ் நொண்டும். எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை என்று நிற்கும். படிப்பவர் அங்கேயே தடுக்கி, ஏதோ கோளாறு என்று உஷாராகிவிடுவார். இன்றைய மொழி மாதிரிகள், அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து எழுதுகின்றன. மெய்யும் பொய்யும் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. தெரியாததைச் சொல்லும்போது மனிதக் குரல் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைக் கேட்டுத்தானே யாரை எவ்வளவு நம்பலாம் என்று பழகியிருக்கிறோம்!

இயந்திரங்கள் தங்களுக்குள் ரகசிய மொழி பேசியதாக 2017இல் வந்த செய்தியைக் குறிப்பிட்டிருந்தாய். அதற்காக நீ தூக்கம் கெட வேண்டாம். பேஸ்புக் ஆய்வாளர்கள் பேரம் பேசப் பழக்கிய இரண்டு நிரல்கள் அவை. ஒழுங்கான ஆங்கிலத்திலேயே பேச வேண்டும் என்ற கட்டாயத்தை வைக்காததால் சொற்களைத் திரும்பத் திரும்ப அடுக்கின. அவ்வளவுதான்.

உன் மகன் இரவில் இயந்திரத்தோடு மனம்விட்டுப் பேசுகிறான் என்றாயே, நான் நினைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலிசா நிரல் 1966இல் வெளிவந்தது. நாம் சொன்ன வாக்கியத்தையே திருப்பிக் கேள்வியாக்கும், வேறொன்றும் அதற்குத் தெரியாது. அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, எலிசாவோடு நாலு வரி பேசியதும், அவரைச் சற்று வெளியே போகச் சொன்னார். அந்த எளிய நிரலிடமே மனம் திறந்ததென்றால் உன் மகனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனைக் கண்டிக்காதே. பகலில் அவனோடு நீ கொஞ்சம் நடந்து வா.

ஒரு உதவி வேண்டும். உன் மகள் செவிலியர் அல்லவா? காயத்தில் நீர் வடிவதை நோயாளிகள் தங்கள் வாயால் எப்படிச் சொல்கிறார்கள் என்று அவளிடம் கேட்டு எழுது. கையேட்டை ஒப்படைக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.

அன்புடன்,
ராஜு