கல்லாவுக்கு வராத காசுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரூபாய் நோட்டில் யார் படம் போட வேண்டும் என்று போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு மறுப்பாக அடுத்தடுத்து இரண்டு கடிதங்கள். மூன்றையும் படித்தேன். மூன்று பேரும் நோட்டைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், காசைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை வைத்திருப்பவன். 1991-இல் அப்பாவிடமிருந்து கல்லாவை வாங்கியதிலிருந்து இன்றுவரை சில்லறையில்தான் என் பிழைப்பு, அதனால் எனக்கும் இதில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

என்னிடம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. கல்லாவில் விழும் காசுகளில் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிவதை அதில் போட்டு வைப்பது வழக்கம். நான் ஒன்றும் நாணய சேகரிப்பாளன் இல்லை, காசு கொடுத்து ஒன்றைக்கூட வாங்கியதில்லை. எல்லாம் புளிக்கும் பருப்புக்கும் ஜனங்கள் கொடுத்தது. 1995-இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது திருவள்ளுவர் படத்தோடு வந்த காசு இருக்கிறது. 1990-இல் வந்த அம்பேத்கர் ஒரு ரூபாய் இருக்கிறது. 1998-இல் வந்த ஸ்ரீ அரவிந்தர் இரண்டு ரூபாய் இருக்கிறது, காமராசர் நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாய் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது 2009-இல் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாய்தான். நம் காசில் இந்தியும் ஆங்கிலமும்தான் இருக்கும், ஆனால் அந்தக் காசில் அண்ணாவின் முகத்தோடு அவருடைய தமிழ்க் கையெழுத்தையும் அப்படியே பொறித்திருந்தார்கள். அது வந்த புதிதில் ஒரு பெரியவர், பீடிக்கட்டு வாங்க வந்தவர், மீதிச் சில்லறையில் அதைப் பார்த்துவிட்டு வெயிலில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் பீடி வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதுபோல இன்னும் இருந்தா எடுத்து வை தம்பி"ன்னு சொல்லிவிட்டுப் போனார். ஒரு கட்டுப் பீடி வியாபாரம் போச்சு, ஆனால் அந்த ஆள் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1998-இல் அரவிந்தரை இரண்டு ரூபாயில் போட்டார்கள், அது பஸ் கண்டக்டர் பையிலும் மீன்காரம்மா முந்தியிலும் கோயில் உண்டியலிலும் போய்விட்டு என் கல்லாவுக்கு வந்தது. 2022 டிசம்பரில் அதே அரவிந்தருக்கு 150-ஆவது ஆண்டு என்று புதுச்சேரியில் விழா வைத்து பிரதமர் காணொலி வழியாக நாணயம் வெளியிட்டார், இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் ஆகாத ஊர். அந்தக் காசின் மதிப்பு 150 ரூபாய். 150 ரூபாய் காசை யார் எந்தக் கடையில் கொடுப்பார்கள்? நான் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு நூற்றாண்டுக்காக வந்தது, எம்.ஜி.ஆருக்கும் நூற்றாண்டுக்காக வந்தது. கலைஞருக்கு 2024 ஆகஸ்டில் 100 ரூபாய் நாணயம் வந்தது, "தமிழ் வெல்லும்" என்று அவர் கையெழுத்திலேயே பொறித்து. 2025-இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனுக்கு 1000 ரூபாய் நாணயம். எல்லாம் டி.வி.யில் பார்த்ததோடு சரி. மேடையில் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள், மறுநாள் உங்கள் பத்திரிகையில் படம் வரும், அப்புறம் அது போட்டிருக்கும் மதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கப்பட்டு யாரோ ஒருவர் வீட்டு அலமாரிக்குப் போய்விடும். எம்.எஸ்.ஸுக்கு 100 ரூபாயோடு சேர்த்து 10 ரூபாயும், எம்.ஜி.ஆருக்கு 5 ரூபாயும் அறிவித்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அதில் ஒன்றுகூட என் கல்லாவில் விழவில்லை. எம்.ஜி.ஆர். காசு கடலூரில் புழக்கத்துக்கு வந்திருந்தால் ஒருத்தர்கூடச் செலவழித்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

செலவாகாத காசைக் காசு என்று ஏன் சொல்ல வேண்டும், மெடல் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

காசில் முகம் போடுவது நமக்கொன்றும் புதிது இல்லை. இங்கிருந்து பாண்டி போகிற வழியில் அரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில்தான் அரிக்கமேடு, ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த துறைமுகம். அந்தக் காலத்தில் ரோமானியப் பேரரசர் தலை போட்ட பொன்னும் வெள்ளியும் தமிழ்நாட்டில் கொட்டிக் கிடந்தது. 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அதில் பெரும்பாலானவற்றில் ராஜாவின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு வெட்டியிருக்கிறார்கள். இனிமேல் இது காசு இல்லை, எடைக்குப் பொன் என்று காட்டுவதற்காக வெட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்குப் பெட்டிக்குள் வைத்து விற்கிற காசை யாரும் வெட்டவில்லை, அது தானாகவே எடைக்கு வெள்ளியாகிவிடுகிறது. ரோமானியக் காசைப் பார்த்துத்தான் சேரர்களும் தங்கள் முகத்தைப் போட்டு மாக்கோதை, குட்டுவன் கோதை என்று தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் பெயரும் பொறித்து வெள்ளிக்காசு அடித்தார்கள் என்று சொல்கிறார்கள். கரூர் ஆற்று மணலில் கிடைத்த அவற்றைப் படித்து உலகத்துக்குச் சொன்னவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி, உங்களைப்போலவே பத்திரிகை ஆசிரியராக இருந்தவர்தான்.

பாண்டிச்சேரிக் கதை இதற்கு நேர்மாறு. 1736-இல் தூமா கவர்னராக இருந்தபோது ஆர்க்காட்டு நவாபிடம் பேசி பிரெஞ்சுக்காரர்கள் ரூபாய் அடிக்கும் உரிமை வாங்கினார்கள், அடித்த காசில் முகமே கிடையாது, முகலாய பாதுஷாவின் பெயர்தான். பிற்காலத்தில் இந்தோசீனா வங்கி பாண்டிச்சேரிக்குக் காகித நோட்டு போட்டபோது அதில் முன்பு பிரெஞ்சு கவர்னராக இருந்த துய்ப்ளே முகம் வந்தது. இப்போது அவர் கடற்கரையில் சிலையாக நிற்கிறார். என் பக்கத்து வீட்டுக்காரருடைய மாமனார் பாண்டியில் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். பிராங்க் நோட்டில் கியூரி அம்மாவும் வீட்டுக்காரரும் இருந்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். இப்போது யூரோ நோட்டில் ஜன்னலும் பாலமும்தான், அதுவும் எங்கேயும் இல்லாத பாலம். யார் முகத்தைப் போட்டாலும் இன்னொரு நாட்டுக்காரன் கோபித்துக்கொள்வான் என்று இப்படிச் செய்துவிட்டார்கள்.

அந்தப் பயம் நியாயமானதுதான். மொரீஷியஸ் நாட்டில் முகத்துக்குக்கூட இல்லை, எழுத்து வரிசைக்கே சண்டை வந்தது. அங்கே நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், நம்மவர். 1998-இல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று அங்குள்ள தமிழர்கள் கிளம்பிவிட்டார்கள், கடைசியில் அரசாங்கமே நோட்டைத் திரும்பப் பெற்று வரிசையை மாற்றி அடித்தது.

அதனால்தான் சொல்கிறேன், நோட்டை விட்டுவிடுங்கள். சுதந்திரம் வந்ததும் இங்கிலாந்து ராஜாவை எடுத்துவிட்டு காந்தியைப் போடலாம் என்று டிசைன்கூடத் தயாராகி, கடைசியில் சாரநாத் சிங்கத் தூண்தான் வந்தது. காந்தி முதலில் வந்தது 1969-இல், நூற்றாண்டுக்காக. அப்புறம் 1987-இல் ஐநூறு ரூபாயில், 1996-இலிருந்து எல்லாவற்றிலும். 2022-இல் வேறு தலைவர்கள் படம் வரப்போகிறது என்று செய்தி கிளம்பியபோது அப்படி ஒரு திட்டமே இல்லை என்று ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. சரி, இருக்கட்டும். கடைக்காரனாகச் சொல்கிறேன், நோட்டில் ஒரே முகம் இருப்பது எங்களுக்கு வசதி. கள்ள நோட்டு பயம் இருக்கும்போது புதுப்புது முகம் வந்தால் மாலை நேரக் கூட்டத்தில் எங்கள் கதி அதோகதி. உயிரோடு இருப்பவர்களைப் போட ஆரம்பிக்காமல் இருந்தால் போதும். அமெரிக்காவில் ஸ்பென்சர் கிளார்க் என்று ஒரு அதிகாரி, நோட்டு அடிக்கும் பொறுப்பில் இருந்தவர், ஐந்து சென்ட் நோட்டில் தன் முகத்தையே போட்டுக்கொண்டார். 1866-இல் அவர்கள் நாடாளுமன்றம் உயிரோடிருப்பவர் படமே கூடாது என்று சட்டம் போட்டது. நம் ஊரில் அந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தேர்தலுக்கும் நோட்டு மாறும்.

காசு அப்படி இல்லை. காசில் பல முகம் வருவது நமக்குப் பழக்கம்தான், 1964-இல் நேரு காசு வந்ததிலிருந்து. பெட்டியில் வைப்பதை நிறுத்திவிட்டுப் பழையபடி பத்து ரூபாயிலும் ஐந்து ரூபாயிலும் போட்டுப் புழக்கத்துக்கு விடச் சொல்லுங்கள். முதலில் யாரைப் போடலாம் என்று கேட்டால் எங்கள் ஊர் அஞ்சலையம்மாளைச் சொல்வேன். கடலூர் முதுநகர்க்காரர், 1890-இல் பிறந்தவர், நெசவுக் குடும்பம். 1927-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த ஆங்கிலேயத் தளபதி நீல் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்துக்குத் தன் சின்னப் பெண் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போனார், தாயும் மகளும் சிறைக்குப் போனார்கள். காந்தி அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் வைத்துத் தன்னோடு அழைத்துக்கொண்டார். நிறைமாதமாக இருந்தபோதும் அஞ்சலையம்மாள் சிறையில்தான், பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள், பிள்ளையைப் பெற்று எடுத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போனார். காந்தி 1934-இல் கடலூர் வந்தபோது இவரைச் சந்திக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட, பர்தா போட்டுக்கொண்டு குதிரைவண்டியில் போய்ப் பார்த்துவிட்டார் என்று இன்றும் முதுநகரில் சொல்வார்கள். தென்னாட்டின் ஜான்சி ராணி என்று காந்தி சொன்னது இவரைத்தான். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். இப்போது நோட்டில் காந்தி இருக்கிறார், அவரைப் பார்க்க பர்தா போட்டுக்கொண்டு போன அம்மா எங்கள் சில்லறையில் இருந்தால் என்ன?

பெண்கள் இதுவரை இல்லை என்று சொல்லவில்லை. இந்திரா காந்தி 1985-இலேயே வந்தார். அல்போன்சா அம்மையாரும் அன்னை தெரசாவும் ஐந்து ரூபாயில் வந்து என் பாட்டிலிலும் இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் 2022 முதல் 2025 வரை வருஷத்துக்கு ஐந்து பெண்கள் என்று இருபது பேரைக் கால் டாலர் காசில் போட்டு விட்டார்கள். கடையில் மீதி கொடுக்கிற காசு அது.

இதற்கு ஒரு தடை இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வாரம் யாராவது எழுதுவார்கள். பத்து ரூபாய் காசைத்தான் ஜனங்கள் வாங்குவதில்லையே? உண்மை. சில வருஷம் முன்பு ரூபாய்க் குறி போட்டது நல்ல காசு, குறி இல்லாதது கள்ளக்காசு, பத்துக் கோடு இருந்தால் செல்லும், பதினைந்து இருந்தால் செல்லாது என்று யாரோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டு, டீக்கடையில் வாங்கவில்லை, பஸ்ஸில் வாங்கவில்லை. அந்தக் குறியை வரைந்த உதயகுமார் கள்ளக்குறிச்சிக்காரர், பக்கத்து மாவட்டம். அந்தக் குறியே 2010-இல்தான் வந்தது, அதற்கு முன்னால் அடித்த காசில் அது எப்படி இருக்கும் என்று யோசிக்க யாருக்கும் பொறுமை இல்லை. எனக்கும் இல்லை. நானும் ஆறு மாதம் வாங்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஏனென்றால் எனக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரி என்னிடம் வாங்கவில்லை, வங்கிக்குக் கொண்டுபோனால் எண்ண ஆள் இல்லை என்றார்கள். 2018 ஜனவரியில் பதினான்கு டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகும் எங்கள் தெருவில் நிலைமை மாற ரொம்ப நாள் ஆனது. அந்த அறிக்கையை உங்கள் பத்திரிகை போட்டது, அதை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்தேன், சண்டை பாதி குறைந்தது.

அதனால் புது முகத்தோடு காசு விடும்போது முன்பக்கமும் பின்பக்கமும் தெரிய ஒரு தாளில் அச்சடித்து ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு, வங்கி வாசல் மூன்றிலும் ஒட்டினாலே போதும். விழாப் பந்தல் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. காசின் பின்பக்கத்தில் அவரவர் மொழியில் கையெழுத்தோ பெயரோ இருந்தால் இன்னும் நல்லது, அண்ணாவுக்கு முடிந்தது மற்றவர்களுக்கும் முடியும்.

கடைசியாக ஒரு உதவி. உங்கள் வாசகர்களில் யாருக்காவது எம்.எஸ். பத்து ரூபாய் காசு கடைச் சில்லறையில் வந்திருந்தால், விலைக்கு வாங்கியது இல்லை, சில்லறையில் வந்தது, தயவுசெய்து எழுதச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு என்ன சாமான் வேண்டுமோ கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். பீடிக்கட்டும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.