சித்தப்பாவுக்கு: தஞ்சாவூருக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். தை மாதப் பயணத்திற்காக நீங்கள் எழுதி அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஒரே நாளில் ஏழு கோயில்கள். அதில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நாற்பது நிமிடம். உரிமையோடு கேட்கிறேன், மற்ற ஆறையும் இன்னொரு முறைக்கு வைத்துக்கொண்டு அந்த நாளைத் தஞ்சாவூருக்கே கொடுங்கள். எனக்குப் பாட்டுக் கேட்கக் கற்றுக்கொடுத்த நீங்கள் இந்த ஊரை ஓட்டமாகப் பார்த்துவிட்டுப் போவதை என் மனம் ஏற்கவில்லை.

வெயில் ஏறுமுன் கோயிலுக்குள் போய்விடுவோம். 1010-இல் இராசராசன் கட்டி முடித்த அந்த 216 அடி விமானத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நாம் கல்வெட்டுகளின் அருகிலும் சற்று நிற்போம். சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து அழைத்து வரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின் பெயர்கள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். திருப்பதியம், அதாவது தேவாரப் பாடல்கள் பாட 48 பேர், அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். கலைஞர்களின் பெயரையும் கூலியையும் கல்லில் பொறித்து வைத்த மன்னனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். அந்நேரம் தலைவாழை இலையில் சாப்பிட்டுவிட்டு, அரண்மனையில் சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் பார்க்கலாம். பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள் நால்வரும் இன்று பரதநாட்டியம் எனப்படும் சதிராட்டத்திற்கு ஒழுங்கு வகுத்தது, பின்னாளில் மராத்தியர் ஆண்ட இந்த அரண்மனையின் அரசவையில்தான்.

பிற்பகலை வீணை செய்யும் ஒரு பட்டறைக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். பலாமரத்தைக் குடைந்து குடமாக்குவதை விட, தந்திக்கு அடியில் சுரம் பிரிக்கும் மெட்டுகளை வைப்பதைத்தான் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கருமெழுகு இளகியிருக்கும்போது 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதித்து, தந்தியை மீட்டிக் காது கொடுத்துக் கேட்டு, மயிரிழை அளவு நகர்த்தி, மறுபடியும் மீட்டிப் பார்ப்பார்கள். அந்த வேலையில் கண்ணை விடக் காதுதான் அதிகம் உழைக்கிறது.

வெயில் தாழ்ந்ததும் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஆகிய ஐந்தையும் கடந்து திருவையாறு போவோம். பாசிப்பருப்பை நெய்யில் கிளறிச் செய்யும் அசோகா அங்கே சுடச்சுடக் கிடைக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி சாப்பிடுங்கள், சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன். பிறகு 1847-இல் மறைந்த இசைமேதை தியாகராசரின் சமாதி அருகே, காவிரிக்கரையில் அமர்வோம். அவர் நினைவாக நடக்கும் ஆராதனையின்போது நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலில் அவருடைய பஞ்சரத்தினம் என்ற ஐந்து கீர்த்தனைகளைப் பாடும் இடம் அது. மற்ற நாள்களில் ஆற்றுக் காற்றைத் தவிர அதிக ஓசை இருக்காது. அந்த அமைதியில் நீங்கள் ஒரு கீர்த்தனை பாட, நான் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும். நீங்கள் பாடிக் கேட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

தேதியை மட்டும் சொல்லுங்கள். காலை ஆறரை மணிக்குப் பெரிய கோயிலின் முதல் கோபுரமான கேரளாந்தகன் வாயிலில் காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்